மிச்சத் துணியில் மக் ரக்: முதல் தடவை குவில்ட் தைப்பவர்களுக்கு

வீட்டில் தையல் மிஷின் இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு பை நிறையத் துண்டுத் துணியும் இருக்கும். ரவிக்கை வெட்டியது போக மிஞ்சியது, கிழிந்த சட்டையின் கிழியாத முதுகு, பாவாடையைக் குட்டையாக்கியபோது வெட்டி எடுத்த கரை என்று சேர்ந்துகொண்டே போகும். தூக்கிப் போட மனசு வராது, எடுத்து உருப்படியாக எதுவும் தைக்கவும் காணாது. குவில்ட் தைக்கப் பழக வேண்டும் என்று யார் கேட்டாலும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு மக் ரக்கில் ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன்.

மக் ரக் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. டம்ளருக்கு அடியில் வைக்கிற கோஸ்டரைவிடப் பெரிது, சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் மேட்டைவிடச் சின்னது. 6 இன்ச்சுக்கு 9 இன்ச் என்பது பலரும் தைக்கும் அளவு. ஒரு பக்கம் காபி மக், பக்கத்திலேயே நாலு பிஸ்கட்டோ ரெண்டு முறுக்கோ வைக்க இடம், அவ்வளவுதான். லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வசதி. ஆனால் இத்தனூண்டு சாமானுக்குள் ஒரு முழுக் கட்டில் குவில்ட்டில் இருக்கிற எல்லா வேலையும் இருக்கிறது. மேலே ஒட்டுப் போட்ட துணி, நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு, கீழே ஒரு துணி, மூன்றையும் பிணைக்கிற தையல். கெட்டுப்போனாலும் போவது குப்பைக்குப் போக இருந்த துணிதான், ஆகவே பயப்படாமல் கை வைக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெட்டில் தேடினால் நட்சத்திரம், பறவை, முக்கோணம் முக்கோணமாக ஒட்டியது என்று அழகழகாக வரும். முதல் ரக்குக்கு அதெல்லாம் வேண்டாம். முக்கோணம் வெட்டினால் அதன் ஒரு பக்கமாவது துணியின் குறுக்கு வாட்டத்தில், கிராஸாக, விழும். அந்தப் பக்கம் இழுத்தால் நீளும். புதிதாகத் தைப்பவர் கையில் அது நீண்டு நெளிந்து, கடைசியில் ரக் தட்டையாக உட்காராது. நேர்ப் பட்டைகள் போதும். பட்டைகளை நேராக நடு அடுக்கின் மேலேயே வைத்துத் தைத்துக்கொண்டே போகிற முறை ஒன்று இருக்கிறது, அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒட்டுப் போடும்போதே குவில்ட் வேலையும் பாதி முடிந்துவிடும்.

பையைக் கொட்டிப் பிரிப்பது

பருத்தி மட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பாலியஸ்டர் துணி சிந்தின காபியை உறிஞ்சாது, மேசைமேல் ஓடவிடும். அதைவிடப் பெரிய தொந்தரவு, நல்ல சூட்டில் இஸ்திரி போட முடியாது, போட்டால் சுருங்கிக்கொள்ளும், சில நேரம் பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையில் பாதி இஸ்திரிதான். ஸ்கூல் யூனிஃபார்ம் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்ததுதான், ஆபீஸ் சட்டைகளிலும் கலப்பு நிறைய. எது எது என்று தெரியவில்லையா? சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு சின்ன நுனியை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், ஆறினதும் கறுப்பாகக் கெட்டி மணியாக நிற்கும். ரெண்டும் கலந்தது என்றால் சாம்பலுக்குள்ளே அந்த மணி தட்டுப்படும்.

ரவிக்கைக்கு எடுக்கிற டூ பை டூ துணி, பாப்ளின், பருத்திச் சட்டைத் துணி, கலம்காரி பிரிண்ட், செட்டிநாட்டுச் சேலையின் துண்டு எல்லாம் நன்றாக உழைக்கும். லைனிங் துணி மெல்லிசு என்பதால் மேலே போடாதீர்கள், அடியில் மறைகிற இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டு, ஜார்ஜெட், ஷிபான் வழுக்கும், தள்ளி வையுங்கள். ஜரிகை ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது மக் வைக்கிற இடத்தில் வந்தால் கோப்பையின் அடியில் மாட்டிப் பிரியும், ஓரத்தில் ஒரு பட்டையாக வருகிற மாதிரி பார்த்துக்கொண்டால் பரவாயில்லை. டெனிமும் வேண்டாம். ஒன்று கெட்டி, பக்கத்தில் ஒன்று மெல்லிசு என்று வந்தால் தையல் ஒரு பக்கமாக இழுக்கும்.

புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்கிற துணி பழைய லுங்கி. கட்டம் போட்ட பருத்தி லுங்கிதான் வேண்டும், பூப்போட்டது இதற்கு உதவாது. நெசவிலேயே கட்டம் இருப்பதால் அந்தக் கோட்டைப் பிடித்து வெட்டினால் ஸ்கேல் இல்லாமலே நேராக வரும், தைக்கும்போதும் கண்ணுக்கு ஒரு பாதை கிடைக்கும். பல தடவை துவைத்ததால் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும்.

புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன்னால் கட்டாயம் அலசுங்கள். பருத்தி முதல் தண்ணீரில் கொஞ்சம் சுருங்கும், அப்புறம் சாயம். சிவப்பு, மெரூன், கருநீலம், சுங்குடி இதையெல்லாம் நம்பாதீர்கள். ஈரமாக்கி ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள், வெள்ளையில் நிறம் இறங்கினால் அது இன்னும் சாயம் விடுகிற துணி. உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயம் போடுகிற தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயம் போட்டு முடித்து வந்த துணியில் அது ஒட்டாத சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும் மாற்றி மாற்றி அலசுவது ஒன்றுதான் வழி, அப்படியும் விட்டால் அதை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். (1960-களில் அமெரிக்காவில் நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை ‘சாயம் போகும், கியாரண்டி’ என்று விளம்பரம் செய்தே விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதுதான் அதன் அழகாம். வெள்ளைப் பட்டை வைத்த மக் ரக்கில் அந்த அழகு வேண்டாம்.)

நடுவில் என்ன வைப்பது

குவில்ட் தைப்பவர்கள் இதற்கென்றே விற்கிற பஞ்சு விரிப்பை, பேட்டிங் என்பதை, வாங்குவார்கள். ஆன்லைனில் கிடைக்கும். ஆனால் ஒரு மக் ரக்குக்காக அதை வாங்க வேண்டியதே இல்லை. பழைய டர்க்கி டவல் ஒன்று போதும். நைந்துபோய்ப் பூவெல்லாம் அமுங்கின டவலாக இருந்தால் இன்னும் நல்லது, புது டவல் தடிமன் அதிகம், மிஷினின் ஃபுட்டுக்கு அடியில் நகராது. பழைய பருத்திப் போர்வை, ஃபிளானல், அதுவும் இல்லையென்றால் நைந்த வேட்டியை நாலு மடிப்பாக மடித்ததுகூட ஆகும். டவலின் கரைப் பட்டையையும் ஓர மடிப்பையும் வெட்டித் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள்.

பைகளுக்குள் வைத்துத் தைக்கிற ஸ்பாஞ்ச் ஷீட் சிலர் வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. மக் அதன்மேல் ஆடும், ஈரம் உள்ளே போனால் சீக்கிரம் காயாது.

எதை நடுவில் வைத்தாலும் இது கோப்பைக்குத்தான். அடுப்பிலிருந்து இறக்கின குக்கரையோ கடாயையோ இதன்மேல் வைக்காதீர்கள், ஒரு டவல் தடிமன் அந்தச் சூட்டுக்குக் காணாது.

சாமான்கள்

நேர்த்தையல் போடுகிற எந்த மிஷினும் போதும், அம்மா காலத்துக் கறுப்பு மிஷின் இதற்கு ரொம்பப் பொருத்தம். 14-ஆம் நம்பர் ஊசி, டவல் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் 16. புது ஊசி போடுங்கள், மழுங்கின ஊசி டவலுக்குள் இறங்கும்போது தையல் விட்டு விட்டு விழும். நூல் வழக்கமாகத் தைக்கிற பாலியஸ்டர் நூலே சரி. கத்தரிக்கோல், இன்ச் டேப், குண்டூசி, சாக்பீஸ், நல்ல சூடு ஏறுகிற இஸ்திரிப் பெட்டி. வட்டக் கத்தியும் அதற்கான பாயும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் இதற்காக வாங்காதீர்கள்.

அதற்குப் பதில் ஒரு அட்டை செய்துகொள்ளலாம். போன வருஷத்து தினசரி காலண்டரின் பின்னட்டை வளையாமல் கெட்டியாக இருக்கும். அதில் ஆறரை இன்ச்சுக்கு ஒன்பதரை இன்ச் அளந்து, நாலு மூலையும் சரியான செங்கோணமாக இருக்கிறதா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தின் மூலையை வைத்துப் பார்த்து வெட்டிவையுங்கள். கடைசியில் ரக்கைச் சதுரிக்க இதுதான் அளவு.

மிஷினில் இன்னொரு வேலை. ஊசியை இறக்கி, அதிலிருந்து வலது பக்கம் கால் இன்ச் அளந்து, அந்த இடத்தில் தகட்டின்மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். குவில்ட்டில் தையலுக்கு விடுவது எப்போதும் கால் இன்ச்தான், ஆடைக்கு விடுகிற மாதிரி அரை, முக்கால் எல்லாம் கிடையாது. துணியின் ஓரம் அந்த டேப்பை ஒட்டியே போனால் கால் இன்ச் தானாக வரும். ஃபுட்டின் ஓரத்தை நம்பாதீர்கள், அது மிஷினுக்கு மிஷின் மாறும்.

வெட்டுவது

ஒரு ரக்குக்கு வேண்டியது இவ்வளவு:

- டவல் துண்டு, 7 × 10 இன்ச்
- மக் வைக்கிற இடத்துக்கு ஒரே துணியில் ஒரு பெரிய துண்டு, நாலரை × 7 இன்ச்
- ஒன்றரை இன்ச் அகலம், 7 இன்ச் நீளத்தில் ஆறு பட்டைகள்
- அடித்துணி ஆறரை × ஒன்பதரை இன்ச் (இதைக் கடைசியில் வெட்டினால் போதும்)

பெரிய துண்டு ஏன் என்று கேட்கலாம். ரெண்டு துணி சேருகிற இடத்தில் உள்ளே தையல் மடிப்பு இருக்கும், அங்கே ரக் ஒரு இழை உயர்ந்து நிற்கும். மக்கின் அடி மூன்று, மூன்றேகால் இன்ச் விட்டம் இருக்கும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் ரெண்டு மூன்று மேடு வந்தால் மக் லேசாக ஆடும், நிறையக் காபி இருந்தால் தளும்பும். அதனால் ஒரு பக்கத்தைச் சமமாக விட்டுவிட்டு, பட்டை வேலையை எல்லாம் பிஸ்கட் பக்கம் தள்ளிவிடுகிறோம். படம் பார்த்துத் தைக்கிற பலர் ரக் முழுக்கக் குறுகல் பட்டையாகப் போட்டு, நடுவில் பட்டனும் வைத்துவிடுகிறார்கள். சுவரில் மாட்ட நன்றாக இருக்கும்.

பட்டை வெட்டுவதற்குக் கத்தரியைவிடக் கை நல்லது. ஜவுளிக் கடையில் துணியை எப்படித் தருவார்கள்? ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டு, சர்ரென்று கிழிப்பார்கள். பருத்தி நூலோட்டத்தை விட்டு விலகாமல் கிழியும், ஆகவே பட்டை கோணாது. கிழித்த ஓரம் கொஞ்சம் சுருண்டு பிசிறு நிற்கும், பிசிறைப் பிடுங்கிவிட்டு ஒரு இஸ்திரி போட்டால் சரியாகிவிடும். பட்டைகள் எல்லாம் ஒரே அகலம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஒன்றேகால், இரண்டு என்று மாறினால் பார்க்க உயிரோட்டமாக இருக்கும். ஒன்றேகாலுக்குக் கீழே போக வேண்டாம், ரெண்டு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போய்விட்டால் வெளியே தெரிய ஒன்றும் மிஞ்சாது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பட்டையும் பூப்போட்டதாக இருந்தால் எதுவுமே எடுத்துத் தெரியாது. ரெண்டு பூப்போட்டது, ஒரு கட்டம், ஒரு கோடு, ரெண்டு ப்ளெய்ன் என்று கலந்து மேசைமேல் வரிசையாக வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். வெளிர் எது, அடர்த்தி எது என்று அப்போது தெரியும். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு அடர்த்தி நிறம் வந்தால் ஒன்றை மாற்றி வையுங்கள்.

ஒட்டுவது

டவலை நீளவாக்கில் உங்கள் முன்னால் விரியுங்கள். இடது ஓரத்தோடு ஓரமாகப் பெரிய துண்டை நல்ல பக்கம் மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். முதல் பட்டையை எடுத்து, அதன் நல்ல பக்கம் பெரிய துண்டின் நல்ல பக்கத்தைப் பார்க்கக் கவிழ்த்து, ரெண்டின் வலது ஓரமும் ஒன்றாக இருக்கும்படி வைத்து மூன்று குண்டூசி குத்துங்கள். இப்போது கால் இன்ச் விட்டு மேலிருந்து கீழே ஒரே தையல், டவலையும் சேர்த்து. ஆரம்பத்திலும் முடிவிலும் ரெண்டு தையல் பின்னால் போய்க் கெட்டிப்படுத்துங்கள். தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

அப்புறம் பட்டையை வலது பக்கம் புரட்டிப் போட்டு, விரலால் தையல் கோட்டை நன்றாக அழுத்தி விட்டு, இஸ்திரி போடுங்கள். இந்த இஸ்திரியைத் தாண்டிப் போகக் கூடாது. ஆறு பட்டையையும் தைத்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும், அதுதான் முக்கால்வாசிக் கோணலுக்குக் காரணம். பட்டை முழுசாகப் புரளாமல் தையலின் பக்கத்தில் ஒரு நூல் மடிப்பு உள்ளே ஒளிந்திருக்கும், அதன்மேல் அடுத்த பட்டையைத் தைத்தால் பூட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் வராது. பெட்டியைத் தேய்க்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்து அழுத்துங்கள். தேய்த்தால் பட்டை வில் மாதிரி வளையும். கரண்ட் இல்லையென்றால் ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்து ஓரளவு சமாளிக்கலாம்.

இரண்டாவது பட்டையை முதல் பட்டையின் மேல் கவிழ்த்து, வலது ஓரத்தைச் சேர்த்து, தையல், புரட்டல், இஸ்திரி. இப்படியே ஆறும். மூன்றாவது பட்டை வந்ததும் ஒரு தடவை நிறுத்தி, பெரிய துண்டின் இடது ஓரத்திலிருந்து பட்டையின் ஓரம் வரைக்கும் மேலேயும் கீழேயும் அளந்து பாருங்கள். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு வந்தால் பட்டைகள் விசிறி விரிய ஆரம்பித்துவிட்டது. தைத்ததைப் பிரிக்க வேண்டாம், அடுத்த பட்டையை வைக்கும்போது அகலம் அதிகமாக இருக்கிற பக்கம் ஒரு நூல் உள்ளே தள்ளி வைத்தால் நேராகிவிடும்.

கடைசிப் பட்டை டவலைத் தாண்டி அரை இன்ச் வெளியே நிற்கும், நிற்கட்டும். இப்போது காலண்டர் அட்டையை மேலே வைத்து, பட்டைக் கோடுகள் அட்டையின் ஓரத்துக்குச் சரியாக இணையாக இருக்கிறதா என்று பார்த்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள். ஆறரைக்கு ஒன்பதரை.

தையலில் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பாபினைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல்தான் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் இருக்கும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு, மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோர்த்துப் பாருங்கள், ஃபுட் இறங்கியிருக்கும்போது தட்டுகள் மூடிக்கொண்டிருக்கும், நூல் உள்ளே போகாது. துணி நகராமல் அடம்பிடித்தால், கறுப்பு மிஷினின் தலையில், ஃபுட் கம்பிக்கு நேர் மேலே ஒரு திருகு இருக்கும். அதை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தினால் ஃபுட்டின் அழுத்தம் குறையும், தடிமனான துணி சுலபமாக ஓடும். வேலை முடிந்ததும் மறுபடி இறுக்கிவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்து ரவிக்கை தைக்கும்போது துணி நழுவும்.

அடித்துணி போட்டுத் திருப்புவது

ரக்கை நல்ல பக்கம் மேலே வைத்து, அடித்துணியை அதன்மேல் கவிழ்த்து, சுற்றிலும் குண்டூசி குத்துங்கள். தலையணை உறை தைக்கிற மாதிரியேதான், சுற்றிக் கால் இன்ச்சில் தைத்து, திருப்ப ஒரு வாய் விட வேண்டும். வாயை எந்தப் பக்கம் விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீளப் பக்கங்களில் பட்டைகளின் முனை எல்லாம் வந்து நிற்கும், அங்கே வாய் விட்டால் திருப்பும்போது தையல் முனைகள் பிரிந்துவிடும். பெரிய துண்டு இருக்கிற குட்டைப் பக்கத்தில் நடுவே 3 இன்ச் விடுங்கள், அங்கே ஒட்டே கிடையாது. வாயின் ரெண்டு முனையிலும் நன்றாகப் பின்தையல் போடுங்கள், இழுபடப்போவது அந்த இடம்தான்.

மூலைக்கு வரும்போது ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, ஃபுட்டை இறக்குங்கள். தைத்து முடித்ததும் நாலு மூலையிலும் நுனியைக் குறுக்கே வெட்டுங்கள், தையலுக்கு ஒரு நூல் தள்ளி. அப்புறம் தையலுக்கு வெளியே நிற்கிற டவலை மட்டும், மேல் துணியும் அடித்துணியும் வெட்டுப்படாமல், தையலை ஒட்டிக் கத்தரித்து எடுங்கள். வாய் விட்ட இடத்தில் தையல் கிடையாது, அங்கேயும் டவலைக் கால் இன்ச் உள்ளே வெட்டிவிடுங்கள். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் திருப்பினால் ஓரம் முழுக்கக் கயிறு வைத்ததுபோல் புடைத்து நிற்கும்.

திருப்பி, மூலைகளை உள்ளிருந்து ஒரு மொட்டைப் பென்சிலால் தள்ளுங்கள், கத்தரிக்கோல் நுனியை விட்டுக் குத்தினால் ஓட்டை விழும். ஓரங்களை விரலால் உருட்டித் தையல் கோடு சரியாக விளிம்பில் வருகிற மாதிரி கொண்டுவந்து, வாயின் துணியை உள்ளே மடித்து, பலமாக இஸ்திரி போடுங்கள். சுற்றிலும் விளிம்பிலிருந்து அரைக்கால் இன்ச் விட்டு ஓரத்தையல் ஒன்று போட்டால் வாயும் மூடிக்கொள்ளும், விளிம்பும் படிந்து நிற்கும்.

குவில்ட் கோடுகள்

மேல் துணியும் டவலும் ஏற்கெனவே பிணைந்துவிட்டன, அடித்துணி மட்டும் தளர்வாக இருக்கிறது. அதைப் பிடிக்க நாலைந்து கோடு போதும். பட்டைகள் சேருகிற பள்ளத்துக்குள்ளேயே தைத்தால் தையல் மறைந்துவிடும் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் ஒரு நூல் பிசகினாலும் பளிச்சென்று தெரியும், பழகாத கைக்கு அது கஷ்டம். பள்ளத்திலிருந்து கால் இன்ச் தள்ளி அதற்கு இணையாகத் தையுங்கள், கொஞ்சம் கோணினாலும் கண்ணில் படாது. பெரிய துண்டில் மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டி அதன் ஓரமாகத் தைக்கலாம். தைத்தவுடன் டேப்பைப் பிய்த்துவிடுங்கள், அதன்மேல் இஸ்திரி பட்டால் பசை துணியில் இறங்கிவிடும்.

தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வையுங்கள். கோடுகளை நடுவில் ஆரம்பித்து ரெண்டு பக்கமும் போங்கள், ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகப் போனால் அடித்துணி தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் சுருக்கம் விழும். ஒரு கோடு மேலிருந்து கீழே என்றால் அடுத்தது கீழிருந்து மேலே.

மிஷின் இல்லாதவர்கள்

கையால் தைத்தால் இன்னும் அழகு என்பது என் கட்சி. நம் நாட்டில் ஒட்டுப் போர்வை தைத்தவர்கள் யாரும் மிஷினுக்குக் காத்திருக்கவில்லை. வங்காளத்தின் காந்தா பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டது. நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் பெண்கள் தைக்கிற கவந்தி இன்னும் சுவாரசியம். பழைய துணிகளை ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, ஓரத்தோடு சுற்றிச் சுற்றி உள்ளே நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். துண்டுகளின் ஓரத்தை அப்போதைக்கப்போது மடித்து, எல்லா அடுக்கையும் சேர்த்தே ஓட்டுத்தையல். நாலு மூலையிலும் துணியை மடித்து மடித்துச் செய்த சின்ன முக்கோணப் பூ வைத்தால்தான் அது முடிந்ததாகக் கணக்கு.

மக் ரக்குக்கு அதையே சின்ன அளவில் செய்யலாம். அடித்துணியை ஓரத்தில் அரை இன்ச் கூடுதலாக விட்டு விரித்து, மேலே டவலுக்குப் பதில் மெல்லிய பழைய வேட்டியை ரெண்டு மடிப்பாக வையுங்கள் (டவலில் கை ஊசி இறங்க மாட்டாது, விரல் வலிக்கும்). கூடுதல் துணியை உள்ளே மடித்து, துண்டுத் துணிகளை ஓரம் மடித்து வைத்து, ஓரத்திலிருந்து உள்ளே தைத்துக்கொண்டு வாருங்கள். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், அதில் மூன்றைப் பிரித்தெடுத்துத் தைத்தால் தையல் எடுப்பாகத் தெரியும். வரிசைக்கு வரிசை கால் இன்ச் இடைவெளி போதும். நூலை இறுக்கி இழுக்காதீர்கள், ரக் கிண்ணமாகக் குழிந்துவிடும்.

அடுத்த ரக்குக்கு: அடித்துணியையே விளிம்பாக மடிப்பது

முதல் ரக் கைக்கு வந்த பிறகு இதைச் செய்து பாருங்கள், பார்க்க இன்னும் முழுமையாக இருக்கும். ஒட்டிய மேல்பாகத்தை டவலோடு சேர்த்து 6 × 9 இன்ச்சாகவே வெட்டுங்கள். அடித்துணி 8 × 11, அதாவது சுற்றிலும் ஒரு இன்ச் கூடுதல். அடித்துணியைக் கவிழ்த்துப் போட்டு அதன் நட்டநடுவில் ரக்கை வைத்து, குவில்ட் கோடுகளை முதலிலேயே தைத்துவிடுங்கள்.

அப்புறம் மூலைகள். அடித்துணியின் மூலை நுனியைப் பிடித்து ரக்கின்மேல் குறுக்கே மடியுங்கள், மடிப்பு ரக்கின் மூலையைத் தொட்டபடி இருக்க வேண்டும். அதிகமாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை வெட்டிவிடுங்கள். நாலு மூலையும் முடிந்ததும் பக்கங்களை அரை இன்ச் மடித்தால் துணியின் ஓரம் ரக்கின் ஓரத்தைத் தொடும், இன்னொரு மடிப்பு மடித்தால் ரக்கின் மேலே வந்து உட்காரும். மூலையில் ரெண்டு மடிப்பும் சாய்கோடாகச் சந்திக்கும். மடிப்பின் உள் ஓரத்தை ஒட்டி ஒரு தையல், இல்லாவிட்டால் கையால் ஹெம்மிங். கிராஸ் பீஸ் வெட்டி விளிம்பு கட்டுகிற முறையும் உண்டு, ஓரம் நேராக இருக்கிற ரக்குக்கு அந்தச் சிரமம் தேவையில்லை, வட்டமாகத் தைக்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

துவைப்பது

முதல் ரெண்டு தடவை தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், என்னதான் சோதித்திருந்தாலும் ஏதாவது ஒரு பட்டை வம்பு பண்ணலாம். பிழியாமல் ரெண்டு கைக்கு நடுவே அமுக்கி, தட்டையாகப் போட்டு நிழலில் காயவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் முதல் நாள் மாதிரி இருக்கும். காபி சிந்தினால் காயவிடாமல் உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள். மிக்சரோ பஜ்ஜியோ வைத்து மஞ்சள் கறை பட்டால் சோப்பு போட்டதும் சிவப்பாக மாறும், பயப்படாதீர்கள், அலசினால் பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடும். அதை மட்டும் நிழலில் போடாமல் ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, ஓரிரு நாளில் வெளுத்துவிடும்.